பதினைந்து சென்டிமீட்டர்

மூச்சுவிட முடியாத கைக்குழந்தைக்கு வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு முடித்ததும் நான் முதலில் தேடுவது பஞ்சையும் வெதுவெதுப்பான தண்ணீரையும்தான். எங்கள் பக்கத்தில் மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போதும் அதன் முகத்தில் தேங்காய் எண்ணெய் பளபளக்கும். மேலே பவுடர், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. எண்ணெய் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டாது. டாக்டர் இரண்டு விரலால் ட்யூபை உதட்டோரம் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அவசர அவசரமாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். பொட்டை அழிக்கும்போது சில அம்மாக்களுக்கு முகம் வாடிவிடும். "காதுக்குப் பின்னாடி வேற வச்சுக்கலாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

குழந்தைகள் ஐசியுவில் பதினேழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ட்யூப் போடும்போது கட்டிலைச் சுற்றி ஆறேழு பேர் நிற்பார்கள். உள்ளே போனதும் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், போட்டவருக்கு ஒரு பாராட்டும் கிடைக்கும். பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். அப்புறம் அந்த ட்யூபோடு நாள்கணக்கில் இருக்கப்போவது நாங்கள்தான். போடுவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதைக் காப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் பழைய குறை.

பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மொத்தமே நாலைந்து சென்டிமீட்டர் நீளம். ட்யூபின் நுனி அதன் நடுவில் நிற்க வேண்டும். குழந்தையின் தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் நுனி கீழே இறங்கும். இன்னும் இறங்கினால் வலது நுரையீரலுக்குப் போகும் கிளைக்குள் நுழைந்துவிடும், இடது பக்கம் காற்றே போகாது. தலை பின்னால் சாய்ந்தால் நுனி மேலே ஏறும், வெளியே வந்தாலும் வந்துவிடும். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர் நல்ல எண்ணத்தோடு தலையை நேராக்கி வைத்துவிட்டுப் போவார். அந்த ஒரு அசைவே போதும். அதனால் எக்ஸ்ரே தட்டை முதுகுக்கு அடியில் வைக்கும்போது தலை என் கையில்தான் இருக்கும். அதை யாரிடமும் கொடுப்பதில்லை.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் வயதை நாலால் வகுத்து மூன்றரையைக் கூட்டினால், காற்று பக்கவாட்டில் கசியாமல் அடைக்கும் பலூன் உள்ள ட்யூபின் அளவு, மில்லிமீட்டரில். வயதைப் பாதியாக்கி 12 கூட்டினால் வாய் வழியாக எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்பது. ஆறு வயதுப் பிள்ளைக்கு 5-ஆம் நம்பர் ட்யூப், 15 சென்டிமீட்டர். இது தோராயம்தான். அதனால் அரை அளவு சிறியது ஒன்றும் பெரியது ஒன்றும் பக்கத்தில் தயாராக இருக்கும். ஆனால் நின்ற இடத்தை எழுதிவைத்த பிறகு அந்த எண் எனக்குச் சத்தியவாக்கு மாதிரி. ட்யூட்டி மாறும்போதெல்லாம் குனிந்து ட்யூபில் உதட்டருகே இருக்கும் சென்டிமீட்டர் கோட்டைப் படிப்பேன்.

அப்படி 15 என்று எழுதிவைத்த ஒரு பெண் குழந்தையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. அதிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறாள். விடியும்போது இமை தொங்கிவிட்டது, எச்சிலை விழுங்க முடியவில்லை. எங்களிடம் வரும்போது மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. விஷமுறிவு மருந்து பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான் பிள்ளைகளுக்கும். உடம்பு சின்னதென்று பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொண்டா கடிக்கிறது? ஆனால் நரம்பு முனையில் ஏற்கெனவே போய் உட்கார்ந்த விஷத்தை அந்த மருந்தால் எடுக்க முடியாது. நரம்பு முனைகள் தானாகத் தேறிவர நாட்கள் ஆகும். அதுவரை மூச்சு வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் ட்யூபும் வென்டிலேட்டரும்.

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பயமாக இருக்கும். விரலைக்கூட அசைக்க மாட்டார்கள், இமை திறக்காது, டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்காமலும் போகலாம். சொந்தக்காரர்கள் எல்லாம் முடிந்துவிட்டதென்று அழத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காது கேட்கும். தூக்கத்துக்கு மருந்து போகும்தான், ஆனாலும் நாங்கள் கட்டிலருகே வாயை அடக்கித்தான் பேசுவோம். ஊசி போடும் முன் "பாப்பா, ஒரு சின்ன ஊசிடா" என்று சொல்லிவிட்டே போடுவோம்.

மூன்றாம் நாள் இரவு எனக்கு நைட் ட்யூட்டி. பொறுப்பை வாங்கும்போது கோடு 15-இல் இருந்தது. பலூன் அழுத்தம் சரி. சூடும் ஈரமும் சேர்த்துக் காற்றை அனுப்பும் ஹியூமிடிஃபயரில் 37 என்று எண் எரிந்தது. 'டிக்' போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நாம் மூக்கால் இழுக்கும் காற்றை மூக்கும் தொண்டையும் நனைத்துச் சூடாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்புகின்றன. 37 டிகிரியில் முழுக்க நனைந்த ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் தண்ணீர் இருக்கும். ட்யூப் அந்த மூக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. சிலிண்டரிலிருந்தும் குழாயிலிருந்தும் வரும் ஆக்சிஜனோ எலும்பு மாதிரி காய்ந்தது. அதை அப்படியே அனுப்பினால் சளி வற்றும், கெட்டியாகும், ட்யூபின் உள்சுவரில் படிந்து படிந்து அதைச் சுருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. புது நர்ஸ்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

இரண்டரை மணிக்கு வென்டிலேட்டர் அழுத்தம் அதிகமென்று கத்தியது. அலாரத்தை அமுக்கிவிட்டு, ட்யூபுக்குள் இருக்கும் சளியை உறிஞ்ச சக்‌ஷன் போட்டேன். ஏதோ கொஞ்சம் வந்தது. கத்தல் நின்றது. வழக்கமாக வருவதைவிடக் குறைவாக வந்திருக்கிறதே என்று மனசுக்குள் ஒன்று உறுத்தியது, ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தைக்கு அப்போதுதான் ஃபிட்ஸ். ஓடிவிட்டேன்.

மூன்று மணி தாண்டியதும் மானிட்டரின் சுருதி இறங்கியது. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் திரையைப் பார்க்கத் தேவையில்லை. ஆக்சிஜன் குறையக் குறைய அந்த 'டிங் டிங்' கட்டையாகிக்கொண்டே வரும். வீட்டில் தூக்கத்தில்கூட எனக்கு அது கேட்கும். திரும்பிப் பார்த்தபோது ஆக்சிஜன் 88. வெளிமூச்சுக் காற்றின் வரைபடம் பெட்டி மாதிரி இருக்க வேண்டியது, சுறாத் துடுப்பு மாதிரி சரிந்து ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சு சரியாக எழவில்லை.

இப்படி ஆனால் வரிசையாக நாலு கேள்வி கேட்கப் பழக்கியிருக்கிறார்கள். ட்யூப் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து தேங்கியதா, கருவி கெட்டதா. கடைசிக் கேள்விக்குத்தான் விடை சுலபம். மெஷினைக் கழற்றிவிட்டு ஆம்பு பேக்கால் கையில் அழுத்தினால் தெரிந்துவிடும். கழற்றினேன். அழுத்தினால் கல்லைப் பிசைவது போல் இருந்தது. மெஷினில் குறையில்லை. கோடு 15-இல் தான் இருந்தது, அதனால் நகரவும் இல்லை. பி.ஜி. டாக்டர் ஸ்டெத்தை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஆனால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிசாக. சக்‌ஷன் குழாயை விட்டேன். பாதி தூரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் சலைன் விட்டு இன்னொரு தடவை பாக்கலாமா சிஸ்டர்?" என்றார். அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருக்கும் ஒரே வழியை நம் கையாலேயே பிடுங்குவதா என்ற தயக்கம் யாருக்கும் வரும். எனக்கும் ஒரு நொடி வந்தது. 70. நாடித் துடிப்பு 140-இல் இருந்து இறங்க ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் குறையும்போது துடிப்பு இறங்குவதுதான் கடைசி எச்சரிக்கை.

"சார், எடுத்துரலாம்."

பலூன் காற்றை எடுத்து, பிளாஸ்திரியைப் பிய்த்து, ட்யூபை உருவினோம். வாயில் தேங்கியிருந்த எச்சிலை உறிஞ்சிவிட்டு, நான் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்தித் தாடையைத் தூக்கிப் பிடிக்க, அவர் பேக்கை அழுத்தினார். நெஞ்சு எழுந்தது. அவ்வளவுதான். அவளுடைய தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒரு கேடும் இல்லை, அடைத்திருந்தது நாங்கள் வைத்த ட்யூப் மட்டும்தான். 78, 89, 97. சுருதி மேலே ஏறியது. என் கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

புது ட்யூப் இரண்டாம் முயற்சியில் போனது. 15-இல் கட்டினேன். அதற்குப் பிறகுதான் ஹியூமிடிஃபயரை நிமிர்ந்து பார்த்தேன். மேலே தொங்கிய தண்ணீர் பாட்டில் காலி. கீழே கிண்ணம் வறண்டு கிடந்தது. அந்தப் பழைய மாடலில் தண்ணீர் தீர்ந்தால் கத்தாது. சூடான வறட்டுக் காற்றைக் காட்டிக்கொண்டு 37 என்று நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. "தண்ணி இல்ல சார், தண்ணியே இல்ல" என்று நான் கட்டிலருகே நின்று உரக்கச் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று நினைவில்லை.

உருவிய ட்யூபைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம். உள்ளே காய்ந்த கோந்து மாதிரி மஞ்சளாக ஒரு வளையம். நடுவில் பேனா ரீஃபில் நுழையும் அளவுக்குக்கூட வழி இல்லை. காற்றுப் போகும் குழாயின் ஆரம் பாதியானால் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. நான்கு மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே அந்த நிலைமை. பெரியவர்களுக்கு ஒரு செருமலில் போகிற சளி குழந்தையைக் கொல்லப் பார்ப்பது இதனால்தான். நாய் குரைப்பது போல் இருமிக்கொண்டு வரும் குழந்தைகளிலும், உள்சதை லேசாக வீங்கியதற்கே மூச்சு இழுக்கும்போது ஒரு கீச்சொலி கேட்கிறது. அவர்களை நாங்கள் அழவிடுவதில்லை. அழுதால் காற்று வேகமாக இழுபட்டு அடைப்பு கூடும். அம்மா மடியிலேயே வைத்து அட்ரினலின் புகை கொடுப்போம். "கட்டில்ல படுக்க வைங்க" என்று அதட்டும் புது ஆட்களை நான் அதட்டுவேன்.

நூற்று நாற்பது வருடத்துக்கு முன் நியூயார்க்கில் ஓ'ட்வையர் என்ற டாக்டர் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வந்த குழந்தைகளுக்கு உலோகத்தில் சிறு குழாய் செய்து, விரலால் தடவிப் பார்த்தே உள்ளே இறக்கினார். நோயின் சவ்வு அந்தக் குழாயிலும் அடைத்துக்கொள்ளும். இருமலில் சில சமயம் குழாயே வெளியே வந்துவிடும். அதைப் படித்தபோது, அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தேன். பாட்டில் காலியானது என் ட்யூட்டிக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு விசாரணை வந்தது. முன்னாலேயே காலியாகியிருக்கலாம். ஆனால் எண்ணைப் பார்த்து 'டிக்' போட்டது நான்தான், தலையை ஒரு சாண் தூக்கியிருந்தால் பாட்டில் கண்ணில் பட்டிருக்கும். பொறுப்பு மாறும் தாளில் இப்போது ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: கிண்ணத்தில் தண்ணீர், கண்ணால் பார்த்தது. ட்யூபோடு சேரும் குழாயில் பனி மாதிரி ஈரம் படிந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். எந்த எண்ணையும்விட அந்தப் பனியை நம்புகிறேன்.

ஆறாம் நாள் இமை திறந்தது. ஏழாம் நாள் கையை இறுக்கச் சொன்னால் இறுக்கினாள், தலையைத் தலையணையிலிருந்து தூக்கிக் காட்டினாள். ட்யூபை எடுத்தபோது அட்ரினலினும் அரை அளவு சிறிய ட்யூபும் பக்கத்தில் தயாராக இருந்தன. இரண்டு ட்யூப் உரசிய தொண்டை வீங்கிக்கொள்ளும் என்று பயந்தேன். ஒரு மணி நேரம் லேசாகக் கீச்சிட்டு அடங்கிவிட்டது.

வார்டுக்கு மாற்றி இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான அக்கா தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு கத்துனது?"

அவள் அம்மா சட்டினியை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நான் "ஆமாடா" என்றேன்.

"எனக்கா?"

"இல்ல, மெஷினுக்கு."

"மெஷின் தண்ணி குடிக்குமா?"

"குடிக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்புறம் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்டா."

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த இட்லியைப் பிட்டாள்.