11 மணி 40 நிமிடப் பிடி: மூன்றாம் முயற்சியில் உட்கார்ந்த கைகள்

11 மணி 40 நிமிடம் நீண்ட ஒரு மல்யுத்த ஆட்டத்தைச் சிறு சிற்பமாக வனைகிறேன்; அதில் மேலே இருப்பவரின் முன்கைகள் ஒருவழியாகப் பொருந்திவிட்டன. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக், 75 கிலோ பிரிவு: பின்லாந்தின் ஆல்ஃபிரெட் அசிகைனென், எதிரே ரஷ்ய அணிக்காக இறங்கிய எஸ்டோனியர் மார்ட்டின் கிளைன். 1:24 அளவில் ஆளுக்கு 7 செ.மீ. உயரம்.

கிரேக்க-ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. அதனால் சிற்பத்தின் உயிரே மார்பைச் சுற்றிய கைகளில்தான். முதல் இரண்டு முறையும் சொதப்பியது இங்கேதான். கீழே மண்டியிட்டவர் 24 மணி நேரம் இறுகியபின் லேசாக வாசலின் தடவி, அவர்மேலேயே மற்றவரின் கைகளைப் பட்டியில் (இரண்டு பாகத்தைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் எபாக்ஸிக் களி) வனைய வேண்டும். கை பாதிச் சுற்றளவைத் தாண்டினால் கழற்ற வராது, விரல்கள் ஒடியும். பட்டி பாதி இறுகியதும், ஒன்றரை மணி நேரம் வாக்கில், முழங்கையில் பிளேடால் அறுத்துவிட்டால் போதும். பிறகு 0.8 மி.மீ. கம்பி செருகி ஒட்டலாம். வாசலினைச் சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் பெயின்ட் உரியும்.

பட்டியை நாடாவாக வாங்கினால் நீலப் பாகமும் மஞ்சள் பாகமும் தொடும் நடுக்கோட்டில் 2 மி.மீ. வெட்டி எறியுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகிய துகள்கள் தசையில் பரு மாதிரி நிற்கும். குழாய்க் கசிவு அடைக்கும் எபாக்ஸி மலிவு, உள்கூட்டுக்கு மட்டும் சரி.

திறந்தவெளியில், வெயிலில், இடையிடையே சிறு ஓய்வோடு நடந்த ஆட்டம் அது. பிடரி, தோள், முதுகின் மேல்பகுதிக்கு நீர்த்த சிவப்பு மூன்று பூச்சு. பளபளப்பு வார்னிஷ் நெற்றியிலும் தண்டுவடப் பள்ளத்திலும் மட்டும்; உடம்பெல்லாம் அடித்தால் பொம்மை ஆகிவிடும்.

பீடத்தில் பின்லாந்தின் நீலச் சிலுவைக் கொடி நடுவதைப் பலர் செய்கிறார்கள். தவறு. பின்லாந்து அப்போது ஜார் ஆட்சியில் இருந்தது. தனி அணி உண்டு, ஆனால் வென்றால் ஏறியது ரஷ்யக் கொடி. விடுதலை 1917 டிசம்பரில். அந்தக் கொடி சட்டமானது 1918ல், உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு. இந்தப் பீடம் கொடியில்லாமலே இருக்கும். ஒரே பேரரசின் இரண்டு சிறு நாட்டார் பகல் முழுக்க மல்லுக்கட்டினார்கள், அது தெரிந்தால் போதும். வென்ற கிளைனால் இறுதிக்கு இறங்க முடியவில்லை. தங்கம் சுவீடனின் கிளாஸ் யொஹான்சனுக்கு, வெண்கலம் அசிகைனெனுக்கு.

அடுத்த சிற்பம் பின்லாந்தின் இவார் பொலிங், சுவீடனின் ஆண்டர்ஸ் ஆல்கிரென். அதே ஒலிம்பிக், 9 மணி நேரம், முடிவில்லை, இருவருக்கும் வெள்ளிதான். நின்ற நிலை என்பதால் கணுக்காலில் 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரட்டையாக முறுக்க வேண்டும். இப்போதைய சிற்பத்தில் இன்னும் காதுகளும் காலணி நாடாவும் பாக்கி.