கன்னத்தின் உட்புற வெள்ளைப் படலமும் கெரட்டின் 13உம்

கெரட்டின் செல்லுக்கு உறுதி தரும் புரதம், அதன் வகைகளுக்கு எண்தான் பெயர். அது தனியாக இழை ஆவதில்லை. அமில வகையில் ஒன்றும் கார வகையில் ஒன்றும் இணைந்தால்தான் இழை. சளிச்சவ்வின் அடியடுக்கில் அந்த இணை 5, 14. செல் மேலேறும்போது இணை மாறும்: கன்னத்தின் உட்புறத்திலும் உணவுக்குழாயிலும் 4, 13, மெல்லும் அழுத்தத்தைத் தாங்கும் ஈறு, கடின அண்ணத்தில் பெரும்பாலும் 1, 10.

4 அல்லது 13இன் மரபணுவில் பிழை வந்தால் இழைகள் அணுக்கருவைச் சுற்றிச் சுருண்டு குவியும். கன்னத்தின் இருபுறமும் மடிப்பு மடிப்பாய் வெள்ளைத் தடிப்பு தோன்றும். இதுதான் வெண்பஞ்சு மரு. பெரும்பாலும் சிறுவயதிலேயே தெரியும், பெற்றோரில் ஒருவருக்கும் இருக்கலாம். துணியால் தேய்த்தால் நீங்காது. பூஞ்சைப் படலம் பெரும்பாலும் நீங்கும். கன்னத்தை இழுத்துப் பிடித்தாலும் மறையாது, லூக்கோஎடீமா என்ற தீங்கற்ற வெண்படலம் மறையும். புற்றாக மாறும் வகை அல்ல, சிகிச்சையும் தேவையில்லை. பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது வீண்.

கவலைப்பட வேண்டியது பெரியவர்களுக்குப் புதிதாக வரும் வெள்ளைத் திட்டு. அதற்குத் திசுப் பரிசோதனை அவசியம். செல் புற்றை நோக்கி மாறும்போது கெரட்டின் 13 மறைந்து 17 தலைகாட்டும். இரண்டையும் திசுவின் அடுத்தடுத்த மெல்லிய வெட்டுகளில் சாயமிட்டு ஒப்பிட வேண்டும். தவறு நேர்வது இங்கேதான்: ஈறு, அண்ணத் திசுவில் 13 இயல்பிலேயே குறைவு. அழற்சியும் ஆறும் புண்ணும் 17ஐக் கூட்டிவிடும். எந்த இடத்துத் திசு என்று படிவத்தில் எழுதாமல் அனுப்பினால் முடிவு தடம் மாறும். சாயம் துணைச்சான்றுதான், செல்லின் வடிவமே முதலில் பேச வேண்டும்.