ஒன்று விட்டு ஒரு வரி

எல்இடி போர்டு ரிப்பேருக்குப் போனால், திறப்பதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருக்கும்: "கன்ட்ரோல் கார்டு போயிடுச்சு." எந்தப் புள்ளி எப்போது எரிய வேண்டும் என்று போர்டுக்குச் சொல்லும் சர்க்யூட் அது. தஞ்சாவூர் பக்கம் ஒரு நகைக்கடையிலும் அதேதான். வாசலில் தங்க விலை காட்டும் போர்டு. பி10 மாட்யூல் (எல்இடி புள்ளிகள் பதித்த தட்டு) ஆறு, ஒரே வரிசை. முன்பு வந்தவர் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையை மாற்றியும் சரியாகவில்லை. "தம்பி, கார்டை மாத்திடுங்க, வேற ஒண்ணும் பார்க்க வேணாம்" என்றார் கடைக்காரர். தினமும் விலை மாறும் தொழில், அவருடைய அவசரம் நியாயமானது. ஆனாலும் கார்டுதான் என்று உறுதியாகாமல் கார்டை மாற்ற எனக்கு மனம் வராது.

முதலில் பவர். போர்டை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, கடைசி மாட்யூலில் வைத்துப் பார்த்தேன், 4.8 வோல்ட். போர்டு எரியாதபோது 5 வோல்ட் காட்டுவதை நம்பக்கூடாது. முழு வெளிச்சத்தில் ஒரு மாட்யூலே 4 ஆம்பியர் வரை இழுக்கும். தளர்ந்த சப்ளை அப்போதுதான் மாட்டும். சரி, கோளாறு பவரில் இல்லை.

அப்புறம் போர்டைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒன்று விட்டு ஒரு வரி இருட்டு. எரிகிற வரியில் பக்கத்து வரியின் புள்ளிகளும் ஏறிக்கொண்டு எழுத்து குழம்பியிருந்தது. ஆறு மாட்யூலிலும் ஒரே மாதிரி.

பி10 மாட்யூலில் 16 வரிகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. நான்கு நான்கு வரியாக, நான்கு முறை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி எரியும். இப்போது யார் முறை என்று சொல்வது ஏ, பி என்ற இரண்டு சிக்னல்கள். அதில் ஏ செத்துவிட்டால் இரண்டு முறைகள் வரவே வராது. அவற்றுக்கான புள்ளிகள் மற்ற வரிகளில் போய் விழும். கண்முன்னே இருந்தது அதுதான்.

கேபிளை மாற்றினேன், முதல் மாட்யூலையும் மாற்றிப் பார்த்தேன். மாற்றமில்லை. கேபிளைக் கழற்றி, கார்டின் 16 பின் சாக்கெட்டிலேயே மீட்டர் வைத்தேன். பி வரும் 4-ஆம் பின்னில் சுமார் 2.5 வோல்ட், பாதி நேரம் 5, பாதி நேரம் 0 என்பதன் சராசரி அது. ஏ வரும் 2-ஆம் பின்னில் சுத்தமாக 0. கார்டிலிருந்து சிக்னல்களை வெளியே அனுப்பும் 74எச்சி245 சிப்பில் ஒரு வழி போயிருந்தது. சில ரூபாய் சிப்புதான், ஆனால் கடை வாசலில் நின்று மாற்றுகிற வேலை இல்லை. புதுக் கார்டு போட்டேன்.

மாட்டுவது சுலபம், 5 வோல்ட் வயரைத் தலைகீழாகக் கொடுக்காமல் இருந்தால் போதும். சாஃப்ட்வேரில் அகலம் 192, உயரம் 16, ஒற்றை நிறம், கால் ஸ்கேன் (ஒரு முறைக்கு நான்கில் ஒரு பங்கு வரிகள்). வெளிச்சத்தின் நடுவே எழுத்து இருட்டாக வந்தது. எரிவதையும் அணைவதையும் மாற்றிப்போடும் டேட்டா போலாரிட்டியைத் திருப்பியதும் நேரானது.

நேரம் பிடித்தது தமிழ்தான். அந்த சாஃப்ட்வேரில் "விலை" என்று அடித்தால் ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எண் தெரிந்தால் போதாதா என்று கடையில் கேட்டார்கள். எனக்குப் போதவில்லை. தெருவே படிக்கிற போர்டில் தமிழ் உடைந்து நிற்கக்கூடாது. வேறொரு நிரலில் "இன்றைய விலை", "1 கிராம்", "1 பவுன்" என்று எழுதி, 16 புள்ளி உயரத்துக்குள் சுழியும் கொம்பும் ஒட்டாதபடி புள்ளி புள்ளியாகத் திருத்திப் படமாக ஏற்றினேன். பக்கத்தில் எண்ணுக்குத் தனி ஏரியா. விலை மாறும்போது எண்ணை மட்டும் மாற்றினால் போதும். படத்தைத் தொட வேண்டாம்.

கேஷியர் அம்மாவிடம் செல்போனைக் கொடுத்து அவரையே மாற்றச் சொன்னேன். முதல் தடவையே சரியாக ஏறியது. "சார், பவுனுக்கும் எண்ணுக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்க, தூரத்துல ஒட்டித் தெரியுது" என்றார். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. இரண்டு புள்ளி தள்ளி வைத்தேன். பின்மூடியின் உட்புறம் கார்டு மாடல், அளவு, ஸ்கேன், போலாரிட்டி எல்லாவற்றையும் மார்க்கரில் எழுதி மூடினேன்; அடுத்து யார் திறந்தாலும் உதவும்.