வெல்ல நிவாரணம்

கொழும்பில் ஒரு தனியார் மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் 2011 முதல் வேலை செய்கிறேன். சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மாற்றுவது என் வேலை. பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. இதைச் சொன்னதும் எவரும் முதலில் கேட்பது, "எப்படி அலுவலகத்துக்கு வருகிறீர்கள்?" என்பதுதான். நேர்முகத் தேர்விலும் அதையே கேட்டார்கள். மூன்று பேர், இருபது நிமிடம். மொழிபெயர்ப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வருவது பெரிய காரியமில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலை நோக்கி இறங்குகிறது. காலையில் கடல் இரைச்சலை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தால் காலி வீதி வந்துவிடும். 100, 101 இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சரி. இலக்கத்தைப் பார்க்கத் தேவையில்லை, "கொள்ளுப்பிட்டி, கோட்டை, பிட்டக்கொட்டுவ" என்று நடத்துநர் தொண்டை கிழியக் கத்துவார். பஸ் முழுதாக நிற்காது என்பதுதான் குறை. இறங்கும்போது இடது காலை முன்னே வைத்து நாலு எட்டு ஓடத் தெரிந்திருக்க வேண்டும். பணத்தாள்களில் பெறுமதி கூடக் கூட நீளமும் கூடும் என்பதால் விரலில் வைத்து அளந்து கொடுத்துவிடுவேன். எனக்குப் பழக்கமான நடத்துநர் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்ததே இல்லை. கைப்பிடிக் கம்பியில் நாணயத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் வந்த இடத்தில் கம்பி இருக்கும், நான் பிடித்துக்கொள்வேன். உதவி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த மனிதரைத்தான் காட்டுவேன்.

அலுவலகத்தில் வேறு விதமான இடைஞ்சல்கள். என் கணினியில் இருப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். பார்வையற்ற ஒருவர் 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. திரையில் உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டும். ஆனால் எங்களுக்கு வரும் தமிழ் ஆவணங்களில் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்பது கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஆகவே என் கணினி 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று வாசிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்தத் தமிழைத்தான். சிங்களத்தில் எப்எம் அபய எழுத்துருவும் இதே கூத்து. தமிழைத் தமிழாகவே கணினி அறியும் யுனிகோடு முறைக்கு மாற்றும் வழி தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய சட்டங்களை நானே பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், கட்டடங்களுக்கான 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் மேசைக்கு வந்து போகும். அங்கவீனர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளி என்று வாடிக்கையாளருக்கு ஏற்ப நான் பெயர் மாறிக்கொண்டே இருப்பேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், நல்லது. எழுத்துருவுக்குச் சாய்தளம் போடச் சொல்லி எவரும் எழுதவில்லை.

இன்னொரு சிக்கல் என்னுடையது. ஒலிப்பு முறைத் தட்டச்சில் ல, ள இரண்டுக்கும் ஒரே விசை. ஷிப்டைச் சேர்த்து அழுத்தினால் ள. சற்று அழுத்தம் குறைந்தால் பள்ளி பல்லியாகிவிடும். கண்ணுள்ளவர் உடனே காண்பார். நான் வைத்திருக்கும் வேகத்தில் வாசிப்பான் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லும். சந்தேகம் வந்தால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்க வேண்டும், ஆனால் சந்தேகம் வந்தால்தானே! பள்ளியில் பிரெயிலில் விரலால் தடவிப் படித்த சொற்கள் எனக்குக் கல்லில் எழுதியவை. பிற்பாடு காதால் மட்டும் அறிந்த கலைச்சொற்களில் றகரமா ரகரமா என்று இன்றும் தடுமாறுவேன். (சிங்களவர்களுக்கும் பேச்சில் ணகர னகர, லகர ளகர வேறுபாடு இல்லை. எழுதும்போது கண்ணிருந்தும் அவர்கள் படும் பாட்டை அடுத்த மேசையில் கேட்டு ஆறுதலடைந்திருக்கிறேன்.)

2015 இல் தங்கச்சி ஒருத்தி எங்கள் பிரிவில் சேர்ந்தாள். வயதில் மிகவும் இளையவள், "அண்ணா, அண்ணா" என்று அன்பாகப் பழகுவாள். அவள் வந்த பிறகு என் வேலையில் பிழையே இல்லை என்று முகாமையாளர் இரண்டு முறை பாராட்டினார். இத்தனை வருட அனுபவம் கைகொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் சொல்லிக்கொண்டேன்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியது. அவளுடைய வீடு கொலன்னாவையில். நாலைந்து நாள் அவளால் வர முடியவில்லை. அந்த நாட்களில்தான் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அறிவித்தல் ஒன்று அவசரமாக வந்தது. இரவோடிரவாக முடித்து அனுப்பினேன். மறுநாள் வாடிக்கையாளர் தொலைபேசியில் சிரித்தார். "வெல்ல நிவாரணம் பெற விரும்புவோர் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே, தருவது கித்துள் வெல்லமா, பனங்கட்டியா?"

நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை. முகாமையாளர் என்னைத் திட்டவும் இல்லை. "இப்படி வந்ததே இல்லையே" என்று மட்டும் வியந்தார். அந்த வியப்பில்தான் எனக்குப் பொறி தட்டியது. பழைய கோப்புகளைத் திறந்து, நான் சேமித்த படியையும் வாடிக்கையாளருக்குப் போன படியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு மாலை முழுவதும் அதே வேலை. பக்கத்துக்கு இரண்டு, மூன்று திருத்தங்கள். ஒரு வருடமாக அவள் சத்தமில்லாமல் என் பிழைகளைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் சேற்றைக் கழுவி முடித்து வேலைக்குத் திரும்பிய அன்றே கேட்டேன். வீடு எப்படி என்று விசாரித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. "உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் அண்ணா" என்றாள். என் மனம் நோகாமல் இருந்த அந்த ஒரு வருடத்தில் நான் ஒரு சொல்லும் புதிதாகக் கற்கவில்லை, வேறு எவர் செய்திருந்தாலும் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாய் அல்லவா என்று கேட்டேன். அழுதாளா என்று தெரியவில்லை. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

வீதியில் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போகிறவரிடம், "உங்கள் முழங்கையைத் தாருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்வேன். அவர் அரை அடி முன்னே போவார், படி ஏறுவதும் இறங்குவதும் அவர் உடலிலிருந்து எனக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் அப்படி ஒன்றைக் கேட்க எனக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று மணித் தேநீர் வேளை எங்களுடையதானது. பிளேன்டீயை வைத்துக்கொண்டு அன்றைய பிழைகளை அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள். நான் திருத்துவேன். அவளுக்குச் சிங்கள அரச கடிதங்களின் சுற்றி வளைத்த நடை பிடிபடாது, அதை நான் அவிழ்த்துக் கொடுப்பேன். 'வெல்லம்' எங்களுக்குள் ஒரு குறிச்சொல். "இன்றைக்கு எத்தனை வெல்லம்?" என்றால் ல, ள பிழை எத்தனை என்று பொருள். குறைந்த நாட்களில் பூச்சியம். கூடிய நாள் பதினொன்று, அன்று எனக்குக் காய்ச்சல்.

போன மாதம் அவள் பிரசவ விடுமுறையில் போனாள். அவள் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி மரியாதையானவன். நான் எழுந்தால் கதவைத் திறக்க ஓடிவருவான். முதல் கோப்பைக் கொடுத்தேன், அரை மணியில் திரும்பி வந்தது.

"எல்லாம் சரி அண்ணா."

"ஒன்றுமே இல்லையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சின்னச் சின்னது இரண்டு மூன்று. நானே போட்டுவிட்டேன்."

பக்கத்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். பிளேன்டீயா, பால் தேநீரா என்று கேட்டேன்.