அட்ஜே நின்ற இடத்தைத் தேடி

யூஜீன் அட்ஜே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பழைய பாரிசைப் படமெடுத்தவர். அதில் ஒரு படத்தையாவது அவர் கேமரா வைத்த அதே இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

படம் கிடைப்பது சுலபம். பாரிஸ் நகர வரலாற்றுக்கான கார்னவாலே அருங்காட்சியகம் தன்னிடம் உள்ளதை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. முகவரியும் கூடவே வரும். அட்ஜே ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் படம் விற்றுப் பிழைத்தவர். எந்தத் தெரு என்று எழுதாத படத்தை நூலகம் எதற்கு வாங்கப்போகிறது? அவரைக் கனவுலகக் கவிஞர் என்கிறார்கள். எனக்கு உதவியது அவருக்குள் இருந்த வியாபாரிதான்.

1925-ல் எடுத்த ரூ வலேத் தெருமுனைப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் பாந்தியோன் கோபுரம். தலைப்பிலேயே 'மார்ச் மாதக் காலை' என்று இருக்கிறது. சரி, மாதமும் முடிவாயிற்று.

இடம் பிடிப்பதுதான் வேலை. அருகிலுள்ள சுவரின் விளிம்பு ஒன்று, தூரத்துக் கோபுரத்தின் விளிம்பு ஒன்று. பழைய படத்தில் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அதே அளவு தெரியும்வரை இடமும் வலமும் நகர வேண்டும். அப்புறம் முன்னும் பின்னும்: பின்னால் போனால் அருகிலுள்ள சுவர் சட்டென்று சிறிதாகும், கோபுரம் அவ்வளவாக மாறாது. இரண்டின் விகிதமும் பொருந்தும் இடத்தில் அவருடைய ட்ரைபாட் நின்றிருக்கிறது. நடுவில் யாராவது கார் நிறுத்தியிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். கேமராவை அண்ணாத்தாமல் லென்ஸை மட்டும் உயர்த்துவார். சுவர்கள் நிமிர்ந்தே நிற்கும்; ஆனால் 18×24 செ.மீ. கண்ணாடித் தகட்டின் மூலைக்கு ஒளி எட்டாது. செல்போனில் இதற்கு ஈடு, போனைச் சாய்க்காமல் அகலக் கோணத்தில் எடுத்துவிட்டுக் கீழ்ப்பாதியை வெட்டிவிடுவது.

முயல்பவர்கள் பியேவ்ர் ஆற்றங்கரைப் படங்களை எடுக்க வேண்டாம். பாரிசுக்குள் ஓடிய அந்த ஆறு 1912-க்குள் மூடப்பட்டுவிட்டது. சேன் ஆற்றங்கரைத் தெருவான கே தாஞ்சு நல்ல தேர்வு. 1924-ல் எடுத்த அந்தப் படத்தின் தலைப்பில் 'காலை 6 மணி' என்றே இருக்கிறது. அப்போது பிரான்சு கிரீன்விச் நேரத்தை ஒட்டியிருந்தது. 1940-ல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது, போரின் பிறகும் திரும்பவில்லை. அதனால் அலாரத்தை ஏழு மணிக்குக் கணக்கிட்டு வையுங்கள்.