கைத்தறி என்று விற்ற பாலியெஸ்டர் சேலை: பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

இணையத்தில் வாங்கிய துணி மோசமாக வந்தால், "இந்தக் காசுக்காக யார் மல்லுக்கட்டுவது" என்று அலமாரியில் சுருட்டிப் போட்டுவிடுகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அப்படி விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் விடவில்லை, பணமும் முழுதாக வந்தது.

ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அன்று பல வீடுகளில் பெண்கள் கசவு என்ற பொன்சரிகைக் கரை போட்ட கேரளத்துச் செட்டு சாரிதான் உடுத்துவார்கள். கடைக்குப் போக நேரமில்லாததால் மைனி (அண்ணி) போனிலேயே ஆர்டர் போட்டார், அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பணத்தை யுபிஐ-யில் முன்னாடியே கட்டியாயிற்று. விற்பனைப் பக்கத்தில் "கைத்தறி, 100 சதவீதம் பருத்தி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கவரைப் பிரித்ததுமே அம்மாவுக்குச் சந்தேகம். கேரளத்துப் பாலராமபுரம் கைத்தறி உடுத்திப் பழகியவர். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மக்கா, இது பஞ்சு நூல் இல்ல" என்றார். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி அடுப்புத் தீயில் காட்டினார். பருத்தி இழை காகிதம் கருகுகிற வாடையோடு எரியும், மிஞ்சுகிற சாம்பல் தொட்டால் பொடியாகும். இது எரியவே இல்லை. சுருண்டு உருகி, நுனியில் கடுகளவுக்கு ஒரு கறுப்பு உருண்டையாக இறுகிப் போனது. நகத்தால் நசுக்கினாலும் நசுங்கவில்லை. அப்புறம் கவரைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் ஒட்டியிருந்த சின்ன லேபிளில் "பாலி காட்டன்", அதாவது பாலியெஸ்டர் கலந்த பருத்தி என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்! கைத்தறி முத்திரையையும் எங்கும் காணவில்லை.

நெருப்பில் காட்டியது எங்கள் தெளிவுக்கு. ஆனால் ஆதாரம் அந்த லேபிள்தான். அதைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்தோம். விற்பனைப் பக்கத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். அந்த வர்ணனையை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. டேக்கை வெட்டவில்லை, சேலையை நனைக்கவும் இல்லை.

ஆப்பில் ரிட்டர்ன் போடப் போனால் காரணம் கேட்கும். பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, சொன்ன மாதிரி இல்லை என்று வரிசையாக இருக்கும். "எதைத் தொட்டா என்ன, எல்லாம் ரிட்டர்ன்தானே?" என்று மைனி கேட்டார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது அந்தக் கடை தானாகத் தருகிற சலுகை. எத்தனை நாளைக்கு, எந்தப் பொருளுக்கு என்பதெல்லாம் அவர்கள் வைத்ததுதான். ஆனால் பொருளில் குறை இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாமல் போனாலோ கதையே வேறு. அப்போது திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் சொல்கின்றன. சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்த பொருளுக்கும் இதே விதிதான். ஆகவே நாங்கள் தொட்டது "விவரித்தபடி இல்லை". லேபிள் படத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

சேலையை எடுக்க ஒரு தம்பி வந்தார். போனில் சேலையைப் படம் பிடித்தார், ஆப் "பொருந்தவில்லை" என்று சிவப்பில் காட்டியது. விற்பனைப் பக்கத்துப் படத்தில் கசவு அகலமான கரை, எங்களுக்கு வந்ததிலோ ஒல்லியாக ஒரு கோடு. வேறு பொருளை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் புகார். வேறு பொருளாக இருக்கிறது என்பதையே சாக்காக வைத்து எடுக்க மறுக்கிறார்கள். இதைவிட அநியாயம் வேண்டுமா? அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன? "பாஸ் ஆகாம எடுத்தா என் சம்பளத்துல பிடிப்பாவ அண்ணா" என்றார் பாவம். அவரிடம் கேட்டு அந்தச் சிவப்புத் திரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டேன். வந்தது படத்தில் காட்டிய பொருள் இல்லை என்று அவர்கள் ஆப்பே சாட்சி சொல்கிறதே!

அதன் பிறகு சாட்டில் எது கேட்டாலும் "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்ற ஒரே பதில். அதோடு சாட்டை விட்டேன். ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். தளத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும், தேடினால் கிடைத்துவிடும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கோபத்தையெல்லாம் கொட்டவில்லை. ஆர்டர் எண், பக்கத்தில் சொன்னது என்ன, லேபிளில் இருப்பது என்ன, எடுக்க வந்தவரின் ஆப் காட்டியது என்ன, எங்களுக்கு வேண்டியது என்ன, அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரி: தீர்க்காவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்போம்.

ஒப்புகை வந்தது. பின்னாலேயே, பணத்துக்குப் பதில் அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். கட்டியது பணம், கூப்பன் எங்களுக்கு எதற்கு? கட்டிய கணக்குக்கே பணம் வர வேண்டும் என்று எழுத்தில் பதில் போட்டேன். அதோடு அங்கே சத்தமில்லை.

சரி என்று 1915-ஐ அழைத்தேன். இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். விவரத்தைக் கேட்டுப் பதிந்து ஒரு புகார் எண் தந்தார்கள், படங்களை அவர்கள் தளத்தில் ஏற்றினேன். நீதிமன்றம் மாதிரி தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவதுதான் வேலை. ஆனால் எங்கள் விஷயத்தில் அதுவே போதுமாயிருந்தது. நிறுவனத்திலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள், இந்த முறை எந்தப் படமும் பிடிக்காமல் சேலைகளை எடுத்துப் போனார்கள்.

"ரீஃபண்ட் முடிந்தது" என்று ஆப் காட்டியும் மைனியின் கணக்கில் பணம் ஏறவில்லை. இந்த இடத்தில் கடை வங்கியைக் கை காட்டும், வங்கி கடையைக் கை காட்டும். கடையிடம் அந்தப் பரிவர்த்தனையின் ஆர்ஆர்என் எண்ணை, அதாவது வங்கியில் அதைத் தேட உதவும் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். பணம் உண்மையிலேயே அனுப்பப்பட்டிருந்தால் அந்த எண் இருக்கும், அதை வைத்து வங்கியில் தேடிச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் எண்ணைக் கேட்ட பிறகுதான் பணம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. கடையின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று ஒரு ஆப்பை இறக்கச் சொல்லியோ, யுபிஐ பின் போடச் சொல்லியோ கணக்கைத் துடைக்கிற கூட்டம் அதில் காத்திருக்கிறது. நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

1915-இல் தீராவிட்டால் ஆணையம் இருக்கிறது. நான் மனுவைக்கூட எழுதி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆகவே போன வருஷம் வாங்கி அலமாரியில் சுருட்டிப் போட்ட துணிக்கும் பில்லும் படங்களும் கையில் இருந்தால் இப்போதும் கேட்கலாம்.