பத்து அங்குல வூஃபரும் நாற்பத்தொரு ஹெர்ட்ஸ் அறையும்: பழைய ஒலிபெருக்கிகளைச் சீரமைத்த அனுபவம்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, காற்றுப் புகாதபடி மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என மூன்றும் அமைந்த ஒரு ஜோடி ஒலிபெருக்கிகள் சென்ற ஆண்டு என் கைக்கு வந்தன. மரப்பெட்டிகள் உறுதியாகவே இருந்தன. முன்துணியைக் கழற்றி, பத்து அங்குல வூஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையத்தை விரலால் தொட்டபோதுதான் அது கருப்புப் பிசுக்காக ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரப்பதத்தால் வேதிமாற்றம் அடைந்து, பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பதினைந்து இருபது ஆண்டுகளில் இப்படிச் சிதைவது இயல்பு என்பதால், இது முந்தைய உரிமையாளரின் கவனக்குறைவு அன்று.

எதையும் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்பதைப் படமெடுத்துக்கொண்டேன். பல பழைய அமைப்புகளில் மிட்ரேஞ்சின் முனைகள் வேண்டுமென்றே தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கும். அதைப் பிழை என்று எண்ணித் 'திருத்தி' விட்டால், மிட்ரேஞ்சும் மற்றவையும் சந்திக்கும் அதிர்வெண்ணில் ஒலி ஒன்றையொன்று அழித்துப் பள்ளம் விழும். பிறகு மல்டிமீட்டரால் அளந்தேன். இடது வூஃபர் 6.1 ஓம், வலது 6.2 ஓம். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட வூஃபருக்கு நேர்மின்தடை இவ்வாறு சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்களான வாய்ஸ் காயில்கள் இரண்டும் நலமாக உள்ளன என்று தெரிந்து நிம்மதியானேன்.

பழைய பசையை அகற்றியதுதான் முழு வேலையிலும் மிகுந்த பொறுமையைக் கேட்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் தடவி, பசை இளகும் வரை காத்திருந்து, கூர்மையற்ற மரக்குச்சியால் காகிதக் கூம்பு கிழியாமல் சுரண்ட வேண்டும். ஒரு வூஃபருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் புதிய வளையம் மேடுபள்ளத்தின் மேல் உட்கார்ந்து, கூம்பு சாய்ந்துவிடும்.

முதல் வூஃபரில் நான் தவறு செய்தேன். கூம்பின் நடுவிலுள்ள தூசுமூடியைப் பிரிக்கத் தயங்கி, கூம்பைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தே நடுவம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து வளையத்தை ஒட்டினேன். மறுநாள் 25 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் கொடுத்தபோது, உலர்ந்த இலை தரையில் உரசுவது போன்ற மெல்லிய ஒலி ஒவ்வொரு அசைவிலும் கேட்டது. வாய்ஸ் காயிலுக்கும் காந்தத்தின் நடுத்துருவத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருப்பதால், வளையம் ஒரு பக்கம் சிறிது இழுத்தாலும் காயில் உரசும். அப்படியே பாடவிட்டால் காயிலின் காப்புப் பூச்சு தேய்ந்து, வூஃபரே பாழாகிவிடும். ஒட்டிய வளையத்தை மனமின்றிக் கழற்றினேன். இம்முறை தூசுமூடியை விளிம்போரமாகப் பிளேடால் வெட்டித் திறந்து, நடுத்துருவத்தைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் பட்டைகளை நான்கு பக்கமும் சம அளவில் செருகினேன். காயில் தானாகவே நடுவில் நின்றது. முதலில் கூம்பின் விளிம்பிலும், அது காய்ந்த பின் உலோகச் சட்டத்திலும் வளையத்தை ஒட்டி, முழுதாக ஒரு நாள் அசைக்காமல் வைத்தேன். பட்டைகளை உருவிய பின் அதே 25 ஹெர்ட்ஸில் கூம்பு மட்டும் அசைந்தது, ஒலியே இல்லை. அந்த அமைதியைக் கேட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது.

புதிய வளையம் பழையதைவிடக் கடினமாக இருந்தால் வூஃபர் இயல்பாகவே மிகுதியாக அதிரும் ஒத்ததிர்வு அதிர்வெண் மேலே ஏறிவிடும் என்பதால் அதையும் சோதித்தேன். 1000 ஓம் மின்தடையம் ஒன்றைத் தொடராக இணைத்து, கணினியிலிருந்து அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே, வூஃபரின் முனைகளில் மின்னழுத்தம் எங்கே உச்சம் அடைகிறது என்று பார்த்தால் போதும். பெட்டிக்கு வெளியே இடதில் 27, வலதில் 28 ஹெர்ட்ஸ் வந்தன. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பது எனக்குப் போதுமானது.

1954-இல் எட்கர் வில்ச்சர் வகுத்த முறையில், இப்படிப்பட்ட மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே வூஃபருக்குச் சுருள்வில்லாக வேலை செய்கிறது. ஆகவே சிறு கசிவும் அடித்தாயி (பாஸ்) ஒலியைக் கெடுக்கும். கூம்பை மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் அது நிதானமாகத் திரும்ப வேண்டும். வலது பெட்டியில் சட்டென்று திரும்பியது. பின்பக்க முனைத்தகட்டின் பழைய அடைப்பு காய்ந்து வெடித்திருந்ததே காரணம். புதிதாக அடைத்ததும் சரியானது. உள்ளே இருந்த கண்ணாடி இழைப் பஞ்சை எடை பார்த்து, எடுத்த அளவே திரும்ப வைத்தேன். முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து மூன்றுக்கும் அனுப்பும் கிராஸோவர் சுற்றில் ட்வீட்டருக்குத் தொடராக இருந்த, 6 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட மின்தேக்கி, கருவியில் 7.9 காட்டியது. ட்வீட்டரை 8 ஓம் என்று கொண்டால், ஏறத்தாழ 3300 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய எல்லை 2500-க்கு இறங்கி, தன்னால் தாங்க முடியாத தாழ்ந்த ஒலிகள் அந்தச் சிறிய ட்வீட்டருக்குள் போய்க்கொண்டிருந்தன என்று பொருள். எல்லா மின்தேக்கிகளையும் மாற்றினேன். ட்வீட்டருக்குப் பாலிபுரொப்பிலீன் வகையைப் போட்டபோது ஒலி சற்றுக் கூர்மையாகத் தெரிந்தது. பழைய மின்பகுளி வகைக்கு இயல்பாகவே இருந்த சிறிய உள்மின்தடையையும் கணக்கில் எடுத்துத்தான் வடிவமைத்திருப்பார்கள் என்று கருதி, 0.47 ஓம் மின்தடையம் ஒன்றைச் சேர்த்தேன். சீரமைப்பது என்றால் வடிவமைத்தவர் எண்ணிய மதிப்புக்குத் திரும்புவது என்பதே என் கருத்து. விலையுயர்ந்த பாகம் என்பதற்காகவே ஒன்றைப் புகுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒலியளவுக் குமிழ்களின் கரகரப்பு கான்டாக்ட் கிளீனரில் போய்விட்டது.

இத்தனையும் முடித்து, மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். தொப்பிப் பக்கத்து நாதம் வீங்கி ஒலித்தது; ஆனால் அதற்கும் கீழே இருக்க வேண்டிய ஆழம் அறவே இல்லை. மூன்று வாரம் வூஃபரையே சந்தேகித்தேன். வளையத்தை மீண்டும் பிரித்துவிடலாமா என்றுகூட எண்ணினேன். அளவு மைக்கும், அறையின் ஒலியை அளந்து வரைபடமாகக் காட்டும் ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளும்தான் அந்த எண்ணத்திலிருந்து காப்பாற்றின.

என் அறை 4.2 மீட்டர் நீளம், 3.4 அகலம், 3 மீட்டர் உயரம். ஒலியின் வேகத்தை வினாடிக்கு 343 மீட்டர் என்று கொண்டு அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 41 ஹெர்ட்ஸ் வருகிறது; நீளவாக்கில் அறையின் முதல் ஒத்ததிர்வு அதுதான். அதன் அழுத்தம் சுவரோரங்களில் உச்சமாகவும், நீளத்தின் நட்டநடுவில் ஏறத்தாழ இன்மையாகவும் இருக்கும். அடுத்ததாகிய 82 ஹெர்ட்ஸோ நடுவில் உச்சம் கொள்ளும். என் நாற்காலி துல்லியமாக நடுவில் கிடந்தது. ஆழம் இல்லாததற்கும் தொப்பி வீங்கியதற்கும் ஒரே காரணம், நான் உட்கார்ந்திருந்த இடம்! நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 1.6 மீட்டர் தொலைவுக்கு நகர்த்திய அன்றே, எதையும் வாங்காமல், வரைபடத்தில் அந்தப் பள்ளம் நிரம்பியது.

ஒலிபெருக்கிகளின் முகப்பு, அவற்றுக்குப் பின்னாலுள்ள முன்சுவரிலிருந்து 0.85 மீட்டரில் இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 100 ஹெர்ட்ஸை ஒட்டி நேரொலியை அழித்தது. அரை மீட்டராகக் குறைத்ததும் அந்தப் பள்ளம் 170 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. அந்த உயரத்தில் உறிஞ்சு பலகைகளால் அதை ஓரளவு கையாள முடிகிறது.

பலகைகளை நானே செய்தேன். 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் மரச்சட்டத்தில் பத்து சென்டிமீட்டர் கனிமக் கம்பளி, மேலே வாயால் ஊதினால் காற்று தடையின்றிக் கடக்கும் துணி. மொத்தம் ஆறு. பக்கச் சுவரில் நண்பர் ஒருவர் கண்ணாடியை நகர்த்த, நாற்காலியிலிருந்து பார்க்கையில் ட்வீட்டர் தெரிந்த இடங்களில், சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி மாட்டினேன். தரையில் கனமான விரிப்பு ஒன்றும் போட்டேன். 1000 ஹெர்ட்ஸில், ஒலி அடங்க எடுக்கும் எதிர்முழக்க நேரம் 0.9 வினாடியிலிருந்து 0.5-க்குக் குறைந்தது. 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையைச் சீர்செய்ய முனைந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அடுக்கி அளந்துதான் தம் சூத்திரத்தைக் கண்டடைந்தார். 0.161 பெருக்கல் கன அளவு, வகுத்தல் மொத்த உறிஞ்சுதிறன் என்ற அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன்; என் ஆறு பலகைகளும் விரிப்பும் சேர்ந்து தர வேண்டிய மாற்றத்துடன் அளவு நன்றாகவே பொருந்தியது.

41 ஹெர்ட்ஸை மட்டும் பலகைகள் தொடவே இல்லை. அதன் அலைநீளம் 8.4 மீட்டர், கால் பங்கே இரண்டு மீட்டருக்கு மேல் என்னும்போது, பத்து சென்டிமீட்டர் கம்பளி என்ன செய்யும்? நாற்காலியை நகர்த்தியதால் இப்போது சிறிய மேடாகத் தெரியும் அந்த இடத்தை ஈக்குவலைசரில் குறுகிய அகலத்தில் 4 டெசிபல் குறைத்திருக்கிறேன். மீதமுள்ள பள்ளங்களை ஏற்றிச் சரிசெய்ய முயலவில்லை. அறை அழிக்கும் ஒலிக்கு எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அது அழிந்துகொண்டே இருக்கும், வூஃபர்தான் வீணாகத் திணறும்.

எஞ்சியிருப்பது வலது ட்வீட்டர். பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இடதைவிட 2 டெசிபல் தாழ்வாக இருக்கிறது. தம்பூரா நாதத்தின் மினுக்கம் இடப்பக்கம் சற்றுச் சாய்வதை அமைதியான இரவில் கேட்க முடிகிறது. ட்வீட்டர்களை இரு பெட்டிகளுக்கும் இடம் மாற்றிப் பார்த்தேன், குறையும் கூடவே நகர்ந்தது. ஆகவே கிராஸோவரில் பிழையில்லை. காந்த இடைவெளியில் இட்ட திரவம் உலர்ந்திருக்கலாம் என்று கருதுகிறேன். அதைத் திறப்பதற்கு முன், வேண்டாத வேறொரு ட்வீட்டரில் கை பழக்கிக்கொண்டிருக்கிறேன்.